நீச்சல் குளச் செயலி தப்பான அளவு காட்டுகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

எவ்வளவு குளோரின், எவ்வளவு ஆசிட் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் செயலி நம்ப முடியாத ஓர் எண்ணைக் காட்டினால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை தண்ணீரில் எதையும் ஊற்றாதீர்கள். குளோரின் கூடிப்போனால் வெயிலில் ஓரிரு நாளில் தானே இறங்கிவிடும். ஆனால் கால்சியம், ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சரக்கு), உப்பு ஆகிய மூன்றும் கூடினால் தண்ணீரை வெளியேற்றாமல் குறைக்க முடியாது. ஆசிட் கூடினால் ஹீட்டரையும் சுவரின் பூச்சையும் அரிக்கும். அதனால் செயலியைச் சரிபார்க்க ஒதுக்கும் அரை மணி நேரம் வீணாகாது.

என் அனுபவத்தில் செயலியின் நிரல் தப்பாக இருப்பது அரிது. நாம் கொடுத்த ஓர் எண்ணைச் செயலி வேறு அலகில் புரிந்துகொண்டிருப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. இதில் ஒரு வசதி உண்டு. அலகுப் பிழைகள் எப்போதும் ஒரே விகிதத்தில்தான் தப்பும். எத்தனை மடங்கு தப்பு என்று கண்டுபிடித்துவிட்டால், எந்தப் பிழை என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

முதலில் கைக்கணக்கு

அடிப்படை ஒன்றே ஒன்று: 1 பி.பி.எம். என்றால் ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர் தண்ணீரில் 1 கிராம். உதாரணத்துக்கு 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு முனையில் 1 மீட்டரும் மறுமுனையில் 1.5 மீட்டரும் ஆழம் உள்ள குளம். தரை சீராகச் சரிந்தால் சராசரி ஆழம் 1.25. ஆக 10 × 4 × 1.25 = 50 கன மீட்டர், அதாவது 50,000 லிட்டர்.

இந்தக் குளத்தில் குளோரினை 1-லிருந்து 4 பி.பி.எம்.முக்கு ஏற்ற 150 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீத திரவக் குளோரின் என்றால் 1.5 லிட்டர், 12.5 சதவீதம் என்றால் 1.2 லிட்டர். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் என்றால் ஏறத்தாழ 230 கிராம். காரத்தன்மையை, அதாவது பி.எச். எளிதில் மாறாமல் பிடித்துவைக்கும் தன்மையை, 10 பி.பி.எம். ஏற்ற ஒரு கன மீட்டருக்கு 16.8 கிராம் சமையல் சோடா, ஆக இந்தக் குளத்துக்கு 840 கிராம். ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம், 10 பி.பி.எம். ஏற்ற 500 கிராம்.

உங்கள் குளத்தின் அளவை வைத்து இதே கணக்கை ஒரு தாளில் போட்டுப் பம்ப் அறையில் ஒட்டி வையுங்கள். கீழே சொல்லும் எல்லாச் சோதனைக்கும் அந்தத் தாள்தான் அளவுகோல்.

அறிகுறி: எல்லா கெமிக்கலின் அளவும் ஒன்றுபோலக் கூடியிருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது

இது குளத்தின் கொள்ளளவில் உள்ள பிழை. உறுதிப்படுத்த உப்பை வைத்துப் பாருங்கள். செயலியில் இப்போதைய உப்பு 0, இலக்கு 1,000 பி.பி.எம். என்று கொடுங்கள். எத்தனை கிலோ என்று வருகிறதோ, அத்தனை கன மீட்டர் தண்ணீர் உங்கள் குளத்தில் இருப்பதாகச் செயலி நினைக்கிறது. உப்புக் கணக்கில் பி.எச்., வெப்பநிலை, சரக்கின் வீரியம் எதுவும் குறுக்கே வராது என்பதால் இதைவிடச் சுத்தமான சோதனை இல்லை. சோதனை முடிந்ததும் அந்தப் பதிவைச் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

உதாரணக் குளத்துக்கு 50 கிலோ வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால், வந்ததையும் வர வேண்டியதையும் வகுத்துப் பாருங்கள்.

விகிதம் ஏறத்தாழ 3.8 என்றால், லிட்டரில் இருக்கும் எண்ணை அமெரிக்க கேலன் என்று செயலி எடுத்துக்கொண்டிருக்கிறது. ஓர் அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். 4.5 என்றால் அது பிரிட்டிஷ் கேலன், 4.546 லிட்டர். 1.2 மடங்கு வித்தியாசம் இருந்தால் இரண்டு கேலன்களும் ஒன்றுக்கொன்று மாறிப்போயிருக்கின்றன. இந்த 1.2 கொஞ்சம் ஆபத்தானது, ஏனென்றால் பார்த்தவுடன் தப்பாகத் தெரியாது. மாதக்கணக்கில் எல்லாம் இருபது சதவீதம் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும்.

35 மடங்கு என்றால் அடியில் அளந்த நீள அகல ஆழத்தை மீட்டர் என்று கொடுத்திருக்கிறீர்கள். ஆயிரம் மடங்கு என்றால் கன மீட்டரும் லிட்டரும் குழம்பியிருக்கின்றன. வட்டக் குளத்தில் சரியாக 4 மடங்கு வந்தால், ஆரம் கேட்ட இடத்தில் விட்டத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். வட்டக் குளத்தில் 1.27 வந்தால், வடிவம் செவ்வகம் என்று தேர்வாகியிருக்கிறது. உதாரணக் குளத்தில் 1.2 வந்தால் கேலனைச் சந்தேகிக்கும் முன் ஆழத்தையும் பாருங்கள்: சராசரி ஆழத்துக்குப் பதிலாக ஆழமான முனையின் 1.5 மீட்டரைக் கொடுத்தாலும் அதே 1.2 தான் வரும். ஒரே விகிதத்துக்கு இரண்டு காரணம் இருக்கக்கூடிய இடம் இது.

விகிதம் இவை எதிலும் பொருந்தாமல் மிகப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால், வேறு குளத்தின் பக்கத்தில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். குளமும் சூடான நீர்த்தொட்டியும் ஒரே செயலியில் இருந்தால், அப்டேட்டுக்குப் பிறகு பட்டியலில் முதலில் இருப்பதைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் செயலிகள் உண்டு.

அறிகுறி: ஒரு கெமிக்கல் மட்டும் தப்பு, மற்றவை சரி

கொள்ளளவை விட்டுவிடுங்கள், அது சரி. சரக்கின் வீரியத்தைப் பாருங்கள். பெரும்பாலான செயலிகள் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வீரியத்தை முன்கூட்டியே வைத்திருக்கும். கேனில் 10 சதவீதம், செயலியில் 12.5 என்றால் ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகப் போகும். ஆசிட்டில் இது இன்னும் பெரிது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் 31.45 சதவீதத்திலும் விற்கிறது, அதில் பாதிக்கும் குறைவான 14.5 சதவீதத்திலும் விற்கிறது. மாற்றித் தேர்ந்தெடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் தப்பும்.

கேனின் லேபிளில் உள்ள சதவீதம் எடையில் சொன்னதா, கன அளவில் சொன்னதா என்பதையும் கவனியுங்கள். கன அளவில் 12.5 என்று போட்டிருக்கும் திரவக் குளோரின் எடைக்கணக்கில் 10.8 அளவில்தான் வரும். திரவத்தின் அடர்த்திதான் இதற்குக் காரணம். செயலியின் உதவிப் பக்கத்தில் எந்தச் சதவீதம் என்று சொல்லியிருக்கும்.

அப்புறம் அவுன்ஸ். திரவ அவுன்ஸ் ஏறத்தாழ 29.6 மில்லி, எடை அவுன்ஸ் 28.35 கிராம். எண்கள் அருகருகே இருப்பதால் குழப்பம் சின்னதுதான் என்று தோன்றும். ஆனால் தூளை மில்லி குறித்த குவளையில் அளந்தால் பிழை பெரிதாகிவிடும், ஏனென்றால் ஒரே குவளை கொள்ளும் எடை தூளுக்குத் தூள் மாறும். செட்டிங்ஸில் மெட்ரிக் அலகை வைத்துவிட்டு, தூளைத் தராசில் நிறுப்பதே என் பரிந்துரை.

கால்சியம் மட்டும் தப்பினால் விகிதத்தைப் பாருங்கள். 2.5 என்றால் சோதனை முடிவு வெறும் கால்சியமாக இருக்கிறது, செயலியோ கால்சியம் கார்பனேட் கணக்கில் கேட்கிறது. 17.8 என்றால் ஜெர்மன் கடினத்தன்மை டிகிரியும் பி.பி.எம்.மும் மாறியிருக்கின்றன. பிரெஞ்சு டிகிரி என்றால் 10. சோதனைப் பட்டையில் உள்ள மொத்தக் கடினத்தன்மையைக் கால்சியம் கடினத்தன்மை என்று நினைத்துக் கொடுப்பதும் நடக்கிறது. மொத்தத்தில் மக்னீசியமும் சேர்ந்திருக்கும், அதனால் கால்சியம் போதுமான அளவு இருப்பதாகச் செயலி தவறாக நம்பும்.

அறிகுறி: ஆசிட் ஊற்றியும் பி.எச். சொன்ன இடத்துக்கு வரவில்லை

முதலில் செயலியைச் சோதியுங்கள். பி.எச். 7.8-லிருந்து 7.5 என்று வைத்துக்கொண்டு, காரத்தன்மையை 60 என்று ஒரு முறை, 120 என்று ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். ஆசிட் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் அந்தச் செயலி காரத்தன்மையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது திருத்தக்கூடிய கோளாறு இல்லை, அந்தச் செயலி அவ்வளவுதான். ஆசிட்டுக்கு அதை நம்ப வேண்டாம்.

எண் மாறுகிறது, ஆனாலும் தண்ணீரில் பலன் இல்லை என்றால் சோதனையில் பிழை இருக்கலாம். பி.எச். பார்க்கப் பயன்படும் பீனால் ரெட் சுமார் 6.8 முதல் 8.2 வரைதான் நிறம் காட்டும். உண்மையில் 8.8 இருந்தாலும் கடைசி நிறத்திலேயே நிற்கும். நீங்கள் 8.2 என்று கொடுப்பீர்கள், செயலி 8.2-க்கு உரிய ஆசிட்டைச் சொல்லும், குளம் அசையாது. மறுநாளும் அதே 8.2, அதே அளவு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, கொடுத்த எண்தான் தப்பு. குளோரின் 10 பி.பி.எம்.முக்கு மேல் இருந்தாலும் இந்தச் சோதனை பி.எச்.சை உயர்த்திக் காட்டும். ஷாக், அதாவது ஒரேயடியாக அதிகக் குளோரின், போட்ட நாட்களில் பி.எச். பார்த்துச் செயலியில் பதியாதீர்கள், குளோரின் இறங்கட்டும்.

எப்படியிருந்தாலும் ஆசிட்டில் செயலி சொல்வதில் பாதியை முதலில் ஊற்றுங்கள். பம்பை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்து, மீதியை முடிவுசெய்யுங்கள். ஆசிட்டும் குளோரினும் ஒன்றோடொன்று கலந்தால் நச்சு வாயு வரும். இரண்டுக்கும் ஒரே குவளை வேண்டவே வேண்டாம்.

அறிகுறி: “குளோரின் தேவையில்லை” என்கிறது, தண்ணீரோ பச்சை

பாசி படர்ந்த குளத்தில் செயலி இப்படிச் சொன்னால் பலருக்கு அதன்மேல் கோபம் வரும். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

தசமப் புள்ளி முதல் இடம். போனின் மொழியோ பிராந்தியமோ தசமத்துக்குக் காற்புள்ளி போடும் நாட்டுக்கு மாறியிருந்தால், 2.5 என்பது 25 ஆகப் பதிவாகலாம். பி.எச். 7.5 இப்படி 75 ஆனால் செயலி உடனே மறுத்துவிடும், ஏனென்றால் அப்படி ஒரு பி.எச். கிடையாது. குளோரின் 25 என்பது நடக்கக்கூடிய எண், அதனால் மறுப்பில்லாமல் வாங்கிக்கொள்ளும். பதிவுப் பட்டியலைத் திறந்து நேற்றைய எண்களைக் கண்ணால் பாருங்கள்.

அடுத்தது சோதனை வகை. மஞ்சள் நிறம் காட்டும் பழைய வகைச் சொட்டுச் சோதனை டோட்டல் குளோரினை, அதாவது வலு உள்ளதும் தீர்ந்ததும் சேர்ந்த மொத்தத்தைத்தான் அளக்கும். அந்த எண்ணை ஃப்ரீ குளோரின் (வலு மிச்சமுள்ள குளோரின்) கட்டத்தில் போட்டால், கிருமியைக் கொல்லும் வலு தீர்ந்துபோன குளோரினையும் செயலி நல்ல குளோரினாக எண்ணிக்கொள்ளும். இதன் மறுபக்கமும் உண்டு. டோட்டல், ஃப்ரீயைவிடக் குறைவாக இருந்தால் கம்பைன்ட் குளோரின், அதாவது டோட்டலில் ஃப்ரீ போக மீதி, மைனஸில் வரும். சில செயலிகள் அப்போது கட்டத்தைக் காலியாக விடும், சில பிழைச் செய்தி காட்டும். தண்ணீரில் அப்படி இருக்கவே முடியாது, ஏனென்றால் டோட்டலுக்குள்தான் ஃப்ரீ அடங்கியிருக்கிறது. மறுபடி சோதியுங்கள்.

மூன்றாவது ஸ்டெபிலைசர். பல செயலிகள் குளோரின் இலக்கை ஸ்டெபிலைசர் அளவோடு சேர்த்து நகர்த்தும். குறைந்தபட்ச ஃப்ரீ குளோரின் ஸ்டெபிலைசரில் 7.5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. 40-க்கு 3, 80-க்கு 6. ஸ்டெபிலைசர் கட்டம் காலியாக இருந்தால் செயலி அதை 0 என்று எடுக்கலாம், பழைய எண்ணையே பிடித்துக்கொண்டும் இருக்கலாம். டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை போடுகிறவர்கள் இதில் கட்டாயம் கவனம் வைக்க வேண்டும். அதில் 10 பி.பி.எம். குளோரின் ஏறும்போதெல்லாம் 6 பி.பி.எம். ஸ்டெபிலைசரும் ஏறுகிறது. மூன்று மாதத்துக்கு முந்தைய 30-ஐ வைத்துக்கொண்டு செயலி கணக்குப் போட்டால், இன்றைய 90-க்கு அந்த இலக்கு போதவே போதாது. பச்சைத் தண்ணீருக்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான்.

இதற்கு நேர் எதிரான அறிகுறி, ஷாக் போட்ட பிறகும் குளோரின் 0 என்று வந்து “இன்னும் ஊற்று” என்று செயலி சொல்வது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. சோதனையில் குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறமே வெளுத்துப்போகும். சொட்டு விழுந்தவுடன் ஒரு நொடி சிவந்து தெளிந்துவிட்டால் அது பூஜ்யம் இல்லை. பாதி குளத்து நீர், பாதி காய்ச்சி வடித்த நீர் என்று கலந்து சோதித்து, முடிவை இரண்டால் பெருக்குங்கள்.

அறிகுறி: சமநிலைக் குறியீடு ஒரே நாளில் தாவுகிறது

லாங்லியர் குறியீடு தண்ணீர் அரிக்குமா, சுண்ணாம்பு படியுமா என்று சொல்வது. −0.3 முதல் +0.3 வரை இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அது சுமார் 0.7 சரிந்திருந்தால் வெப்பநிலையின் அலகைப் பாருங்கள். 28 டிகிரி செல்சியஸை ஃபாரன்ஹீட் என்று எடுத்தால் செயலிக்கு உங்கள் குளம் உறைந்து கிடக்கிறது. தண்ணீர் அரிக்கும் தன்மையோடு இருப்பதாக எச்சரித்து, கால்சியம் சேர்க்கச் சொல்லும். அதைக் கேட்டுச் சேர்த்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

இரண்டு செயலிகளுக்கு இடையே 0.1, 0.2 வித்தியாசம் இருப்பது பிழை இல்லை. காரத்தன்மையில் ஸ்டெபிலைசரின் பங்கை, சாதாரண பி.எச்.சில் ஏறத்தாழ அதன் மூன்றில் ஒரு பங்கை, ஒன்று கழித்திருக்கும், மற்றது கழித்திருக்காது. கழிக்கும் செயலியை வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: செயலி சொன்ன உயர்வு வேறு, அளந்தது வேறு

ஊற்றியதைப் பதிந்ததும் சில செயலிகள் “இப்போது 4 பி.பி.எம்.” என்று காட்டும். அது கணிப்பு, அளவீடு அல்ல. அளந்தால் 3 வருகிறது என்றால், சரக்கின் வீரியம் குறைந்திருக்கலாம், அல்லது வெயிலும் பாசியும் குளோரினைத் தின்றிருக்கலாம். பிரித்தறிய இருட்டிய பிறகு ஊற்றி, பம்பை ஓடவிட்டு, ஒரு மணி நேரத்தில் அளந்து, விடியும் முன் மறுபடி அளக்க வேண்டும். முதல் அளவீட்டிலேயே குறைந்து, இரவு முழுவதும் அப்படியே நின்றால் கேன் பழையது. திரவக் குளோரின் வெப்பத்தில் வைத்தால் விரைவாக வீரியம் இழக்கும். செயலியில் அதன் சதவீதத்தைக் குறைத்துப் பதியுங்கள். இரவிலேயே 1 பி.பி.எம்.முக்கு மேல் இறங்கினால் தண்ணீரில் பாசி இருக்கிறது, செயலியை விட்டுவிட்டுக் குளத்தைக் கவனியுங்கள்.

அறிகுறி: கேமராவும் கருவியும் மாற்றி மாற்றிச் சொல்கின்றன

பட்டையைப் படமெடுத்து எண் சொல்லும் செயலிக்கு நிழலான பகல் வெளிச்சம் வேண்டும். மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால் நிறம் மாறும். பட்டையின் டப்பாவில் சொன்ன நொடிக்குள் எடுங்கள். திரையில் உள்ள நிற அட்டையோடு கண்ணால் ஒப்பிடும் செயலி என்றால், போனின் இரவுநேர மஞ்சள் வடிகட்டியை முதலில் அணையுங்கள்.

ப்ளூடூத் கருவி கிடைக்கவில்லை என்றால் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12-லிருந்து அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதி, 6 முதல் 11 வரை இருப்பிட அனுமதி. ஐபோனில் அந்தச் செயலிக்கான ப்ளூடூத் அனுமதி. வீட்டில் இன்னொருவர் போன் அந்தக் கருவியைப் பிடித்து வைத்திருந்தாலும் உங்கள் போனில் தெரியாமல் போகலாம்.

அறிகுறி: உறைந்து நிற்கிறது, பதிவுகள் காணோம்

முதலில் பதிவுகளை வெளியே எடுத்து வையுங்கள், ஏற்றுமதி வசதி இல்லை என்றால் ஸ்க்ரீன்ஷாட்டாவது எடுங்கள். பிறகு செயலியை முழுவதும் மூடித் திறப்பது, அப்டேட் செய்வது. ஆண்ட்ராய்டில் கேஷை அழிக்கலாம், ஆனால் அதன் அருகிலேயே இருக்கும் தரவை அழிக்கும் பொத்தானைத் தொட்டால் போனில் மட்டும் சேமித்த பதிவுகள் போய்விடும். ஐபோனில் செயலியை நீக்குவதற்குப் பதில் ஆஃப்லோட் செய்தால் தரவு தங்கும். நினைவூட்டல் வரவில்லை என்றால் பேட்டரி சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கு கொடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு அலகு, சரக்கின் வீரியம், இலக்கு ஆகிய மூன்றையும் ஒருமுறை பாருங்கள், இவை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம்.

உருவாக்கியவருக்கு எழுதும்போது

எல்லாம் பார்த்தும் எண் தப்பாகவே இருந்தால் அது உண்மையான பிழைதான், அவர்களுக்குத் தெரிவியுங்கள். “தப்பாகக் காட்டுகிறது” என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. கொள்ளளவும் அதன் அலகும், சோதனை எண்கள் அனைத்தும், தேர்ந்தெடுத்த சரக்கும் சதவீதமும், செயலி சொன்ன அளவு, உங்கள் கைக்கணக்கில் வந்த அளவு, செயலியின் பதிப்பு, போனின் மொழியும் பிராந்தியமும் இருக்கட்டும். ஒரே ஓர் உள்ளீட்டை மாற்றினால் பிழை வந்து போகிறது என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பதில் வரும்வரை பம்ப் அறைத் தாளில் உள்ள கணக்கை வைத்துக் குளோரினை ஓட்டலாம். கால்சியத்தையும் ஸ்டெபிலைசரையும் அதுவரை தொட வேண்டாம்.